ஸ்விங் மோகனமும் அவசரக் கெட்டிமேளமும்

கல்யாண வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவனால் யாருக்கும் கெடுதல் இல்லை. சொன்ன வேலையைச் செய்பவனாலும் இல்லை. யாரும் சொல்லாமலே தனக்கென்று ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொண்டு வருகிறானே, அவனைத்தான் ஒரு அறையில் விட்டு வெளியே பூட்டிவிட வேண்டும். எங்கள் அக்கா முத்துமாரியின் கல்யாணத்தில் அந்த ஆள் நான்தான். என்னை யாரும் பூட்டவில்லை.

அப்போது சிவகாசியில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் காலண்டர் டிசைன் செய்துகொண்டிருந்தேன். முருகனுக்குப் பின்னால் அருவி வைப்பது, ஆர்டர் கொடுத்தவர் முகம் சுளித்தால் அருவியை எடுத்துவிட்டு மலை வைப்பது. இதுதான் வேலை. காதில் எப்போதும் ஹெட்போன் இருக்கும். ஒருநாள் போனில் எதையோ தேடப் போய் மேனாட்டு ஸ்விங் இசையில் விழுந்தேன். டிரம்பெட்டும் சாக்ஸபோனுமாக வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் முன்னால் நின்று விரலைச் சொடுக்கியதும் அத்தனை பேரும் சேர்ந்து ஊதுகிறார்கள். அங்கிருந்து வழுக்கி ராக்கபில்லி என்ற இன்னொரு மேனாட்டு இசைக்குப் போனேன். அங்கே முன்தலை முடியைக் கோபுரமாகத் தூக்கி வாரியவர்கள் கிட்டாரைத் துள்ளத் துள்ள வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிலேயே சிலர் தங்கள் ஊர்ப் பழைய சாஸ்திரீய மெட்டுகளை எடுத்து இதே மாதிரி துள்ளவிட்டு வாசித்ததைக் கேட்டதும் எனக்கு ஞானோதயம் ஆகிவிட்டது. அவர்கள் சாஸ்திரீயத்தை அவர்கள் துள்ளவிடும்போது, நம் மோகனத்தை நான் துள்ளவிட்டால் என்ன?

(என் சங்கீத ஞானம் பற்றிக் கேட்பீர்கள். பள்ளிக்கூட நாட்களில் கொஞ்சம் கீபோர்டு. மீதியெல்லாம் தைரியம். மோகனத்துக்கு ஸ்வரம் ஐந்துதான் என்பதாலேயே அதைத் தேர்ந்தெடுத்தேன்.)

ஆமத்தூரில் ஒரு பேண்டு செட் இருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு அவர்களைத்தான் பேசியிருந்தோம். அதன் மாஸ்டர் சங்கரலிங்கம் அண்ணன் கிளாரினெட் வாசிப்பார். அவரைத் தேடிப் போய் என் திட்டத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, நான் கீபோர்டில் வாசித்துக் காட்டியதை அப்படியே ஊதிக் காட்டினார்.

"மோகனம்தான தம்பி?"

"ஆமாண்ணே. ஆனா தாளம் நேரா நடக்கக் கூடாது. லேசா நொண்டணும்."

"நொண்டணுமா?"

"நொண்டணும். ஆனா சந்தோஷமா நொண்டணும்."

மாஸ்டர் திரும்பி டிரம்காரரைப் பார்த்தார். "ஏலே, சந்தோஷமா நொண்டச் சொல்றாக. நொண்டு."

அவர் நொண்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கொட்டகையில் எனக்குப் புல்லரித்துவிட்டது. கிளாரினெட் குழைந்து குழைந்து ராகத்தைச் சொல்ல, டிரம்பெட்டுகள் இடையிடையே வெடுக்கென்று பதில் கொடுக்க, பெரிய டிரம் அடியில் நடைபோட, ஊர்க் கோயில் கச்சேரியில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் மோகனம் கோட்டு மாட்டிக்கொண்டு ஆட வந்துவிட்டது. ஞாயிறுதோறும் ஒத்திகை. கடைசிப் பகுதியில் அத்தனை வாத்தியமும் சேர்ந்து முழு மூச்சில் முழங்க வேண்டும். அதற்கு ஒரு சைகை வேண்டாமா? "நான் சுட்டுவிரலைத் தலைக்கு மேல தூக்கி ஆட்டுவேன். உடனே எல்லாரும் சேர்ந்து அடிச்சுத் தூள் கெளப்பணும்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களுக்குத் தெருவில்தான் வேலை. தாலி கட்டும் மேடைப் பக்கம் நாதஸ்வரக்காரர்கள் ராஜ்ஜியம். அதனால் அதிலிருந்த விபரீதம் அவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்கு ஏன் தோன்றவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள்.

அக்காவின் மாமியாராகப் போகும் ராமலட்சுமி அத்தையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தாயில்பட்டிக்காரர். நல்ல மனுஷி. ஆனால் சகுன விஷயத்தில் இரும்பு. நிச்சயதார்த்தத்துக்குப் புறப்படும்போது யாரோ தும்மினார்கள் என்று, வேனில் ஏறிய மொத்தப் பேரையும் இறக்கி, தண்ணீர் குடிக்கவைத்து, மறுபடி ஏற்றிக் கூட்டிவந்தவர். முந்தி அவர் மகனுக்குப் பேசிய ஒரு சம்பந்தமே சகுனத்தடையில் நின்றுபோனதாகவும் கேள்வி. எங்கள் அக்காவோ மாப்பிள்ளை செந்திலைப் பார்த்த அன்றே மனதைக் கொடுத்துவிட்டாள். "அத்தை மனசு கோணாம தாலி ஏறணும்லே. அம்புட்டுத்தான் எனக்கு வேணும்" என்று கல்யாணத்துக்கு முதல் நாள்கூட என்னிடம் சொன்னாள். "நான் இருக்கேன்க்கா" என்றேன். (இருந்தேன். அதுதான் பிரச்சினை.)

எனக்குக் கிடைத்தது ஒரு சின்ன இடைவெளி. முகூர்த்தத்தில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் உட்காரவைத்து, பெண் கையில் கூறைப்புடவையைக் கொடுத்ததும், அவள் உடுத்திக்கொண்டு வர உள்ளே போய்விடுவாள். அந்த நேரத்தில் தாலியைத் தட்டில் வைத்துச் சபை முழுக்க ஆசீர்வாதத்துக்குக் கொண்டுபோவார்கள். மாப்பிள்ளை மேடையில் தனியாக உட்கார்ந்திருப்பார். நாதஸ்வரக்காரர்களும் கொஞ்சம் மூச்சுவிடுவார்கள். "அந்தக் கேப்புல வாசிச்சுட்டு எறங்கிருவோம்" என்று அப்பாவிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன்.

கல்யாணத்தன்று கோட்டு, கழுத்தில் பட்டாம்பூச்சி டை, முன்தலையில் ஜெல் தடவி எழுப்பிய கோபுரம் சகிதம் விருதுநகர் மண்டபத்துக்குள் நுழைந்தேன். அப்பா என் தலையையே பார்த்தார். "என்னலே இது, குருவி எதுவும் குடிவரப் போகுதா?" என்று கேட்டுவிட்டுப் பந்தி விசாரிக்கப் போய்விட்டார்.

அக்கா கூறைப்புடவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். எங்கள் சித்தி தாலித் தட்டோடு சபைக்குள் இறங்கினார். பேண்டு செட் மேடை ஓரத்தில் ஏறியது. நான் சபைக்கு முதுகைக் காட்டி நின்று விரலைச் சொடுக்கினேன்.

நன்றாகத்தான் போயிற்று. பின்னால் காலால் தாளம் போடும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை தலையை ஆட்டினார். ஒரு பெரியவர், "மோகனந்தான்யா இது, ஆனா என்னமோ பண்ணுது" என்று சொன்னது என் காதில் தேனாக விழுந்தது. கர்வம் தலைக்கு, அதாவது கோபுரத்துக்கு, ஏறியது. கடைசிப் பகுதி வந்தது. நான் சபை பக்கம் கம்பீரமாகத் திரும்பி, சுட்டுவிரலை உயரத் தூக்கி, ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன்.

கல்யாண மேடையில் நின்றுகொண்டு ஒருவன் விரலைத் தூக்கி ஆட்டினால் தமிழ்நாட்டில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

காபி குடித்த களைப்பில் கண் சொக்கியிருந்த தவில்காரரின் கை, அவரைக் கேட்காமலே கெட்டிமேளம் கொட்டத் தொடங்கியது. நாதஸ்வரம் அலறிக்கொண்டு சேர்ந்துகொண்டது. பேண்டு செட் சொன்னபடி தூள் கிளப்பியது. பேச்சுச் சுவாரசியத்தில் இருந்த சபை மொத்தமும் கை நிறைய வைத்திருந்த அட்சதையை மேடையை நோக்கி வீசியது. வாசலில் பத்தாயிரம் வாலாச் சரத்தை நீட்டிப் போட்டு, ஊதுபத்தியும் கையுமாகக் காத்திருந்தவர் எங்கள் பெரியப்பா. பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். கெட்டிமேளம் காதில் விழுந்த மறுநொடி பற்றவைத்துவிட்டார். வேலையில் அவ்வளவு சுத்தம்.

மாப்பிள்ளை தலையெல்லாம் மஞ்சள் அரிசியோடு, இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒரு காலி மணை இருந்தது.

முதலில் கத்தியது ராமலட்சுமி அத்தைதான். "ஏ, நிறுத்துங்க! பொண்ணே இல்லாம எம் மகனுக்குக் கெட்டிமேளமா? ஒத்தையில இருக்கிறவன் தலையில அட்சதை விழுந்துருச்சே, ஆத்தா!" நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். அம்மா அழ ஆரம்பித்தார். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. அக்கா கல்யாணம் என் ஒரு விரலால் நின்றுபோகப் போகிறது என்று நிஜமாகவே நம்பினேன். கையை இறக்கிப் பேண்டு செட்டை நிறுத்தப் போனேன்.

அப்போதுதான் உள்ளேயிருந்து அக்கா ஓடி வந்தாள். கூறைப்புடவை பாதி கட்டியும் பாதி கையில் அள்ளியும், ஜடை அலங்காரம் ஒரு பக்கம் தொங்க, தோளில் நாலைந்து ஊக்கு.

"யாருக்குலே கெட்டிமேளம்? நான் இங்கன ஊக்குக் குத்திக்கிட்டு இருக்கேன்!"

அவள் மாப்பிள்ளை தலையைப் பார்த்தாள். என் விரலைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது. நான் வாசிப்பை நிறுத்தப் போவதையும் கண்டுகொண்டாள்.

"ஏலே, நிறுத்துன கொன்னுருவேன். வாசிக்கச் சொல்லு!" என்று கத்திவிட்டு அத்தையிடம் குனிந்தாள். "அத்தே, மேளம் நின்னுருச்சா?"

"இல்லயே."

"வெடி நின்னுருச்சா?"

"அதுவும் இல்ல."

"அப்புறம் என்ன அத்தே? சத்தம் ஓயுறதுக்குள்ள தாலி ஏறிட்டா, அது எனக்குக் கொட்டுன மேளந்தான? கொஞ்சம் முன்னால ஆரம்பிச்சுட்டாக, அம்புட்டுத்தான்."

சொல்லிக்கொண்டே போய் மணையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து, "சரி, சீக்கிரம் கட்டுங்க. தாலி எங்க?" என்றார்.

தாலி எங்கே? மேடையில் இல்லை. சபையில் இல்லை. சித்தி சாப்பாட்டு ஹாலில் பந்தியில் இருந்தவர்களிடம் ஆசி வாங்கிக்கொண்டிருந்தார். அவர்கள் சாம்பார்க் கையை மடக்கிக்கொண்டு இடது கையால் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது கெட்டிமேளம் கேட்டிருக்கிறது. சித்தி கையிலிருந்த தட்டைப் பார்த்திருக்கிறார். "தாலி எங்கிட்ட இருக்கு. அங்கன எதைக் கட்டுறாக?" என்று பந்தியைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் நம்மை நம்பாமல் தனியாக ஒரு தாலி செய்துகொண்டு வந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, கோபித்துக்கொண்டு, தட்டை மடியில் வைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கூப்பிடப் போன அப்பாவிடம், "அதான் கட்டிட்டாகளே, இது எதுக்கு?" என்று அழுதிருக்கிறார். சமாதானம் செய்ய நேரமாயிற்று.

மேடையில் என் பாடு சொல்லி மாளாது. நான் எழுதிய முழக்கம் எட்டே தாளக்கட்டு. அதையே திரும்பத் திரும்ப ஊதவைத்தேன். டிரம்பெட்காரர் கன்னம் பன்னீர்ச்செம்பு மாதிரி வீங்கி, கண்ணால் என்னைத் திட்டினார். தவில்காரருக்கு ஒரு கட்டத்தில் கெட்டிமேளம் கொட்டக் கை ஓய்ந்து, டிரம்காரரோடு சேர்ந்து அவரும் நொண்ட ஆரம்பித்தார். தவிலும் டிரம்மும் சந்தோஷமாக நொண்ட, நாதஸ்வரம் மோகனத்தைப் பிடித்துக்கொண்டு கிளாரினெட்டோடு ஓட, நான் கனவு கண்டதைவிடப் பிரமாதமான ஸ்விங் அது. அனுபவிக்கத்தான் முடியவில்லை.

வாசலில் சரம் தீரப் போவதாகத் தகவல் வந்தது. "பெரியப்பா, அடுத்த சரம்!" என்று மணையில் இருந்தபடியே அக்கா கூவினாள். வரவேற்புக்கென்று வைத்திருந்ததை அவர் எடுத்தார். யாரோ அவசரப்பட்டு, எரிகிற சரத்தோடு சேர்த்து முடிச்சுப் போடச் சொல்ல, பெரியப்பா முறைத்தார். "எரியுற சரத்துல கை வைக்கச் சொல்றியா? கல்யாணம் நின்னாலும் அதைச் செய்ய மாட்டேன்." தள்ளிப் போய், ஆட்களை விலக்கி, புதுச் சரத்தை நீட்டி, முதல் சரத்தின் கடைசி வெடி வெடிப்பதற்குள் பற்றவைத்தார். சத்தம் அறுபடவில்லை.

தாலி வந்தது. அப்பா தட்டோடு ஓடிவந்த வேகத்தில் வேட்டி தடுக்கி விழ இருந்தார். மாப்பிள்ளை வாங்கினார், கட்டினார். அவர் தங்கை மற்ற முடிச்சுகளைப் போட்டாள். சபை மறுபடி கையை ஓங்கியது. கையில் அட்சதை இல்லை. எல்லாம் ஏற்கெனவே மாப்பிள்ளைக்குப் போய்விட்டது.

ஒரு நொடி எல்லோரும் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ராமலட்சுமி அத்தை எழுந்து மேடையேறினார். மகன் தலையிலும் தோளிலும் கிடந்த மஞ்சள் அரிசியைப் பொறுக்கி எடுத்து, இரண்டு பேர் தலையிலும் சேர்த்துப் போட்டார். "முன்னாடி விழுந்ததும் இந்தக் கல்யாணத்துக்கு விழுந்ததுதான். நல்லா இருங்க" என்றார். அக்கா அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன், கோபுரம் சரிந்து கண்ணை மறைத்ததால் யாரும் பார்க்கவில்லை.

கீழே இறங்கும்போது அத்தை என் முன்னால் நின்றார். "பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இனிமே நீ எந்தக் கல்யாணத்துலயும் கையைத் தூக்கக் கூடாது."

அது எங்கள் குடும்பத்தில் சட்டமாகிவிட்டது. விசேஷ வீடுகளில் நான் மின்விசிறியைக் காட்டக்கூட விரலை நீட்டினால், "ஏ, அவன் கையைப் பிடிங்கய்யா, சரம் வச்சிரப் போறாக" என்று நாலு பேர் கிளம்பிவிடுவார்கள். செந்தில் மச்சான் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்டி, "பாருங்க, இங்கன எனக்குத் தனியா ஒரு கல்யாணம் நடக்குது" என்பார்.

போன வருஷம் என் கல்யாணம். பேண்டு செட் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். தாலித் தட்டு சபைக்குப் போனதும், அக்கா மேடையேறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் வலது கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மூக்கு அரிக்குது."

"எந்தப் பக்கம்னு சொல்லு, நான் சொறிஞ்சு விடுறேன். கை மேல போகக் கூடாது."

தாலி என்னிடம் வந்து சேரும்வரை விடவில்லை. ஆல்பத்தில் அந்தப் போட்டோ பெரிதாக வந்திருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் என் மாமியார் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறார். "பாருங்க, தம்பி மேல எம்புட்டுப் பாசம்! கையை விட மனசு வரல பாருங்க!" என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்குகிறது. அக்காவும் பக்கத்தில் இருந்தால் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறாள்.