வாசியாமல் ஒப்பமிடும் பெருந்தகை

மனிதர்களில் ஒரு வகையுண்டு. உலகத்தில் அச்சாகும் அத்தனையையும் வாசிப்பார்கள், தாங்கள் கையொப்பமிடும் பத்திரத்தைத் தவிர. நீங்களும் பார்த்திருப்பீர்கள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாள், மரண அறிவித்தல், வடை சுற்றி வந்த பழைய பேப்பரில் பாதி கிழிந்த செய்தி, எதையும் விடமாட்டார்கள். வீட்டை ஈடு வைக்கும் ஒப்பந்தம் மட்டும் அவர்களுக்கு மரியாதைப் பிரச்சினை. தருபவரின் முகத்துக்கு முன்னாலேயே வாசிப்பதா? கலியாண வீட்டில் சோற்றை முகர்ந்து பார்ப்பதுபோல் அல்லவா இருக்கும்?

உப்புவெளி யேசுரட்ணம் இந்த வகைக்கு நல்ல மாதிரி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். கடற்கரைக்கு வரும் வெளிநாட்டாருக்கு வாடகைக்கு விடுவதற்காக வீட்டுக்கு மேலே இரண்டு அறை கட்ட ஆசைப்பட்டார். வீடு அவர் பெயரிலும் மனைவி எல்சியின் பெயரிலும் இருந்தது. இருவரும் கோயிலுக்கு உடுக்கும் உடுப்போடு நகரத்து நிதி நிறுவனம் ஒன்றுக்குப் போனார்கள். டிலுக்ஷன் என்ற இளம் அதிகாரி உட்காரக் கதிரை இழுத்துப் போட்டார், தேநீர் வரவழைத்தார், ஆங்கிலத்தில் அச்சடித்த தடித்த கட்டொன்றை முன்னால் வைத்தார்.

“வாசிச்சுப் பாருங்கோ அங்கிள்.”

“உங்களை நம்பாமலோ தம்பி வந்தனாங்கள்?”

“இதிலை என்ன எழுதியிருக்கு?” என்று எல்சி கேட்டார்.

“வழமையானதுதான் அன்ரி,” என்றார் டிலுக்ஷன்.

“வழமையானதுதான்,” என்றார் யேசுரட்ணமும், தாமே இருந்து எழுதியதுபோல. பிறகு பக்கத்துக்குப் பக்கம், வால் நீண்ட தம் அழகான கையொப்பத்தை வைத்துக்கொண்டே போனார். ஆட்களுக்கு முன்னால் புருசனைச் சிறுமைப்படுத்தக் கூடாதென்று எல்சியும் வைத்தார்.

அறைகள் எழும்பின. ஒரு மாதம் தவணைப் பணம் திடீரென்று ஏறியது. யாரும் அறிவிக்கவில்லை. மறுபடியும் ஏறியது. விசாரிக்கப் போனவருக்கு டிலுக்ஷன் பதினேழாம் பிரிவைக் காட்டினார். நிறுவனம் விரும்பியபோது, விரும்பிய அளவு, முன்னறிவித்தல் இல்லாமல் வட்டியைக் கூட்டலாம். கடன் பெற்றவர் ஏனென்று கேட்கலாகாது. வேறிடத்தில் கடன் எடுத்து இதை முன்கூட்டியே அடைத்துவிட்டுத் தப்பப் பார்த்தால் அதற்கும் தண்டப்பணம். தவணை தவறினால் வீடு ஏலத்துக்குப் போகும்.

“நீங்கள்தானே அங்கிள் கையெழுத்து வைச்சனீங்கள்.”

யேசுரட்ணம் வெய்யிலில் நடந்தே வீடு வந்தார். சாப்பிடவில்லை. இந்த வகையாரின் இரண்டாவது குணம் இது: வாசிக்காமல் வைத்த கையொப்பத்தைச் சத்திய வாக்காக மதிப்பார்கள்.

“கையெழுத்து வைச்சாச்சு எல்சி. இனிக் கதைக்க ஏலாது.”

“எனக்கு ஏலும்,” என்றார் எல்சி. ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

சட்டத்தரணி ஷிஃபானா அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். அந்தப் பத்திரத்தை ஒருவர் வாசிக்கும் காட்சியை எல்சி அன்றுதான் முதன்முதலாகக் கண்டார்.

“கையெழுத்து வைச்சதுக்காக எல்லா நிபந்தனையும் செல்லும் எண்டில்லை அன்ரி. ஒரு பக்கத்துக்கு மட்டும் வாய்ப்பா எழுதினதை நியாயமில்லையெண்டு எதிர்க்கலாம். வட்டியைக் கூட்டினால் முதலே அறிவிக்கவேணும். விளங்குற மொழியிலை பத்திரம் கேட்கிறதும் உங்கட உரிமை. எந்த மொழியிலை வேணுமெண்டு ஆரும் கேட்டவையோ?”

“இல்லை. தேத்தண்ணிக்குச் சீனி வேணுமோ எண்டுதான் கேட்டவை.”

முறைப்பாடு போனது. நிறுவனம் முதலில் வாய் திறக்கவில்லை. ஷிஃபானா நீதிமன்றம் என்ற சொல்லை எழுதியதும் திறந்தது. அறிவிக்காமல் கூட்டிய வட்டி திரும்பி வந்தது. ஏனென்று கேட்கலாகாது என்ற வரி நீங்கியது. முன்கூட்டி அடைத்தால் தண்டம் என்பது மட்டும் அசையவே இல்லை. வீடு மிஞ்சியது, எல்சிக்குத் தூக்கமும் திரும்பியது.

திருத்திய ஒப்பந்தத்தைத் தமிழில் டிலுக்ஷன் அவர்களின் வீட்டுக்கே கொண்டுவந்தார். யேசுரட்ணம் உடனே சேட்டுப் பையில் பேனையைத் தேடினார்.

“தமிழிலைதானே இருக்கு, பிறகென்ன?”

எல்சி அந்தத் தாள்கட்டை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அவர் வாசித்து முடிக்கும்வரை ஆண்கள் இருவரும் முன்னறையில் காத்திருந்தார்கள். யேசுரட்ணத்துக்கு வெட்கம் தாங்கவில்லை. மெதுவாகச் சொன்னார்:

“குறை நினையாதையுங்கோ தம்பி. அவவுக்கு ஆட்களிலை நம்பிக்கை குறைவு.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டு ஒப்பந்தம் அலுமாரியின் எந்தத் தட்டில், எந்த உறைக்குள் இருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டே சொல்வீர்கள். அதில், உங்கள் கையொப்பத்தைத் தவிர, வேறென்ன எழுதியிருக்கிறது?