வாள் மிசினுக்கு வந்த எண்ணெய்

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆவணி மாதம் இணுவிலில் ஒரு பேரிங் தேவைப்பட்டது. உள்ளங்கைக்குள் அடங்குகிற இரும்பு வளையம். தேவைப்பட்டவர் பஞ்சலிங்கம். தச்சுப் பட்டறைக்காரர், எனக்குப் பக்கத்து வளவு.

அவரிடம் பழைய வாள் மிசின் ஒன்று இருந்தது. இங்கிலீசுக்காரன் செய்தது. ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு தூண், தூணிலிருந்து மேசைக்கு மேலே நீட்டிக்கொண்டு ஒரு இரும்புக் கை, அந்தக் கையில் தொங்குகிற வட்ட வாள். வாளைப் பிடித்து முன்னுக்கு இழுத்தால் எந்த மரமும் இரண்டாகும். கரண்ட் போய் இரண்டு வருசமாகியும் மிசின் சும்மா இருக்கவில்லை. இரும்புக் கையில் வாழைக்குலை தொங்கியது. கொட்டில் ஓலை உக்கி வெயில் தாராளமாக விழுந்ததால், மேசையில் அவர் மனைவி பத்மாசினி மிளகாய் காயவைத்தா. தூணின் உச்சியில் கோழி படுத்தது. படித்த பிள்ளைகளுக்கே வேலை கிடைக்காத காலத்தில் அந்த மிசினுக்கு மூன்று உத்தியோகம்!

பேரிங் ஏன் தேவை என்றால், மூன்று வளவு தள்ளி இருக்கிற அவர் தங்கை இரத்தினம்மாவின் வீட்டுக் கூரை ஷெல் விழுந்து போய்விட்டது. அவ இரண்டு பிள்ளைகளோடு ஒரு படங்குச் சீலைக்குக் கீழே சீவித்தா. முற்றத்தில் இரண்டு பனை தறித்துக் கிடந்தது. நீளச் சலாகையாக அறுத்து ஐப்பசி மழைக்கு முன் கூரையில் ஏற்றவேண்டும். பனையைக் கையால் அறுக்கிறவர்கள் இடம்பெயர்ந்து போய்விட்டார்கள். பஞ்சலிங்கத்தின் வலது தோளோ தண்ணி வாளி தூக்கவே மறுக்கும். உரும்பிராய் மச்சானின் தண்ணி இறைப்பு மிசினைக் கொண்டுவந்து, பெல்ட் போட்டு வாளை ஓட்டலாம் என்று மனுசன் கண்டுபிடித்துவிட்டார். குறை, வாள் சுழலுகிற பேரிங் தேய்ந்துபோனது ஒன்றுதான்.

பேரிங் போன்ற பாரதூரமான பொருளை நினைத்தவுடன் வாங்க முடியாது. அதற்கென்று 'உதிரிப்பாக ஒழுங்கமைப்புப் பணிமனை' என்று ஒரு கந்தோர் இருந்தது. உதிரிப்பாகம் இருந்ததோ தெரியாது, கந்தோர் இருந்தது. அங்கே உத்தியோகத்தர் செல்வரட்ணம் படிவத்தை விரித்தார்.

"மிசின் ஓடுதோ?"

"இல்லை, ஐயா."

"ஓடாத மிசினுக்குப் பேரிங் குடுத்து வீணாக்க ஏலாது."

"பேரிங் போட்டால் ஓடும், ஐயா."

"போடாமல் ஓடுமெண்டால் சொல்லும், எழுதலாம்."

"போடாமல் ஓடினால் நான் ஏன் இஞ்சை வாறன்?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

ஆனாலும் செல்வரட்ணம் இரக்கமுள்ள மனுசர். "ஓடாட்டிலும் பாவனையிலை இருந்தால் பரிசீலிக்கலாம். இப்ப என்னத்துக்குப் பாவிக்கிறீர்?" என்று கேட்டார்.

"வாழைக்குலை தொங்கவிடுறம்."

"அதுக்குப் பேரிங் வேணுமோ?"

பஞ்சலிங்கத்துக்கு உண்மை பேசுகிற வியாதி உண்டு. "வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். நேரில் வந்து பார்த்து அறிக்கை எழுதுவதாகத் தீர்மானமாயிற்று.

ஆவணி போய்ப் புரட்டாதி வந்தது. இரத்தினம்மா தினமும் வானத்தைப் பார்த்தா, பிறகு தமையனைப் பார்த்தா. ஒருநாள் செல்வரட்ணம் உண்மையிலேயே வந்து இறங்கினார். அன்றைக்கு ஆயுத பூசை. மிசினைக் கழுவி, திருநீறு பூசி, சந்தனப் பொட்டு வைத்து, செவ்வரத்தம்பூ மாலை போட்டு, முன்னால் அவலும் கடலையும் படைத்திருந்தது.

"மிசினைக் கழட்டிக் காட்டும், பேரிங்கைப் பாப்பம்."

"ஐயோ, பூசையிலை வைச்ச ஆயுதம். விசயதசமிக்கு முன்னம் தொடக்கூடாது, ஐயா."

செல்வரட்ணம் பேனையைத் திறந்தார். "தற்போதைய பாவனை... வழிபாடு."

"உது நாளைக்கு முடிஞ்சிடும், ஐயா!"

"நான் பாத்தது இண்டைக்கு. பாத்ததைத்தான் எழுதலாம். கடலை நல்லாயிருக்கு."

பத்தாம் நாள் கடிதம் வந்தது. "மேற்படி இயந்திரம் வழிபாட்டுக்குரியதென நேரில் அவதானிக்கப்பட்டமையால், அதன் பாகங்களைக் கழற்றுதலோ பூட்டுதலோ பொருத்தமற்றதென இத்தால் அறியத்தரப்படுகிறது. எனினும் விளக்கேற்றும் பொருட்டு மாதாந்தம் பத்துப் போத்தல் மண்ணெண்ணெய் ஒதுக்கப்படுகிறது."

பத்துப் போத்தல்! ஜாம் போத்தலில் திரி போட்டு, நாலு சொட்டு எண்ணெயில் பிள்ளைகளைப் படிப்பித்துக்கொண்டிருந்த ஊருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்து நாகரிகம், மூன்று பேர் கூடினால் ஒரு சபை, சபைக்கு ஒரு றப்பர் சீல். அன்று பின்னேரமே 'வட்டவாள் பரிபாலன சபை' உதயமானது. தலைவர், ஓய்வுபெற்ற ஓவசியர் இராசநாயகம். காரியதரிசி அடியேன். எண்ணெயை வீட்டுக்கு அரைப் போத்தல் பங்கிடுவதென்றும், மிச்சம் இருந்தால் மிசினுக்கு விளக்கு வைப்பதென்றும் ஏகமனதாகத் தீர்மானித்தோம். கோழி வெளியேற்றப்பட்டது. பஞ்சலிங்கம் தலை முழுகாமல் மிசினுக்குக் கிட்டப் போகக்கூடாது என்றும் ஒரு தீர்மானம். அவர் எதிர்த்து வாக்களித்தார், ஆனால் அவர் சபையில் அங்கத்தவர் இல்லை.

அந்தக் கிழமையே, சபை கூடியிருந்த இடத்துக்குப் பஞ்சலிங்கம் சைக்கிளில் பறந்து வந்தார்.

"கிடைச்சிட்டுது, அண்ணை! உரும்பிராயிலை பழைய மாவரைக்கிற மிசின் ஒண்டிலை இருந்தது. அளவெண்டால் அளவு!" துணியை அவிழ்த்துக் காட்டினார். பேரிங் பளபளத்தது. மனுசனுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும் கொஞ்சம்.

இராசநாயகம் கனைத்தார். "பஞ்சலிங்கம், மிசின் ஓடினால் எண்ணெய் நிண்டுபோம். யோசிச்சுப் பாரும்."

"தங்கச்சி பிள்ளையளோடை நனையப்போறாள், ஐயா."

"ஒரு வீடு பெரிசோ, ஊர் பெரிசோ?"

"ஒரு நாள் விடுங்கோ. அறுத்துப்போட்டுத் திரும்பக் கழட்டி வைக்கிறன்."

"கழற்றுதலோ பூட்டுதலோ பொருத்தமற்றது" என்றேன் நான். இரண்டு மாதமாக அந்தக் கந்தோரைத் திட்டித் திட்டி எங்களுக்கு வாய் புளித்துப்போயிருந்தது. ஆனால் கடிதம் மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். பேரிங்கைச் சபை பொறுப்பெடுத்தது. தட்டத்தில் வைத்து, மேலே ஒரு பூவும் வைத்தோம். பஞ்சலிங்கம் வெறும் துணியை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஐப்பசியில் இரண்டாவது கடிதம் வந்தது. வழிபாட்டுப் பொருள் உக்கிய ஓலைக் கொட்டிலில் இருப்பது கவலைக்குரியதாம். பதினாலு நாளுக்குள் பனஞ்சலாகை போட்ட நிரந்தரக் கூரை அமைக்காவிட்டால் எண்ணெய் நிறுத்தப்படுமாம்.

பதினாலு நாளா? எங்கடை ஊரை யார் என்று நினைத்தார்கள்! அடுத்த நாள் பொழுது சாயமுன் கூரை ஏறிவிட்டது. கிணற்றுக்குப் பின்னாலிருந்தும் மாட்டுக் கொட்டிலின் பரணிலிருந்தும் வைக்கோல் போருக்குக் கீழிருந்தும் வீட்டுக்கு வீடு சலாகை வந்தது. அறுத்து, சீவி, பதமாகக் காய்ந்த சலாகைகள். பழைய ஓடுகூட வந்தது. இந்த ஒற்றுமையைக் கண்டு இராசநாயகம் ஒரு சிறிய உரை நிகழ்த்தினார். உரை முடிய மழை தொடங்கியது.

நல்ல மழை. இரத்தினம்மா இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடிவந்து வாசலில் நின்றா.

"படங்கு பறந்துபோச்சு. ஒருக்கா ஒதுங்கலாமோ?"

"முழுகினனீங்களோ?" என்று இராசநாயகம் கேட்டார்.

"பாத்தால் தெரியேல்லையோ, ஐயா?"

அதில் பிழை சொல்ல முடியாது. உள்ளே விட்டோம். மூன்று பேரும் மிசினுக்குப் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். இரத்தினம்மா தலையைத் துவட்டிக்கொண்டு அண்ணாந்து கூரையைப் பார்த்தா. கனநேரம் பார்த்தா.

"உதெல்லாம் இவ்வளவு நாளும் எங்கை கிடந்தது, அண்ணை?"

என்னைத்தான் கேட்டா. சபையில் பதில் சொல்லவேண்டியது காரியதரிசி.

"ஊராக்களின்ரை அன்பளிப்பு, பிள்ளை" என்றேன்.

நான் கொடுத்த இரண்டு சலாகையும் நல்ல வைரம் பாய்ந்தவை. என்ரை வீட்டுக் குசினிக்குப் பின்னால் மூன்று வருசமாகக் கிடந்தவை. இரத்தினம்மா என்னிடம் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆவணியில் வீட்டு வாசலுக்கே வந்து கேட்டா. "எங்களிட்டை ஏது, பிள்ளை? உம்மடை அண்ணையைக் கந்தோரிலை போய்க் கேக்கச் சொல்லும்" என்று நான்தான் வழிகாட்டி அனுப்பினேன்.