வலது காலை எடுத்துவைக்க ஆள் தேவை

புத்தாண்டுக் காலை ஏழரை மணிக்கு, கிழிந்த பனியனும் அரைக்கால் சட்டையுமாக, கையில் குப்பைப் பையோடு தன் வீட்டுக்கு வெளியே தூறலில் நின்றிருந்தார் கணக்கு வாத்தியார் லுவொங். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"டியெப், திற!"

"உள்ள காலை வச்சீங்க, கொன்னுடுவேன்! யாரு உங்கள வெளிய போகச் சொன்னது?" என்றாள் மனைவி.

யாரும் சொல்லவில்லை. முதல் மூன்று நாள் குப்பை கொட்டினால் அதிர்ஷ்டமும் கூடவே போய்விடும் என்று ஊரே பையைக் கட்டி வைத்திருந்தது. எதற்கெடுத்தாலும் காரணம் கேட்கும் லுவொங்கோ, காரணம் இல்லாத எதையும் இனிச் செய்வதே இல்லை என்று முந்தின நாள்தான் சபதம் போட்டிருந்தார். அழுகிய மீன்தலையை வீட்டில் வைத்திருக்கக் காரணம் ஏது? தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

புத்தாண்டில் வீட்டுக்குள் முதலில் காலெடுத்து வைப்பவரின் ராசிதான் வருடம் முழுக்க அந்த வீட்டுக்கு என்பது ஊர் நம்பிக்கை. இப்போது திரும்பி நுழைந்தால் அவர்தான் வருடத்தின் முதல் காலடி. பன்னிரண்டு மிருக வருடங்களில் இப்போது பிறந்திருப்பது குரங்கு வருடம். அவர் பிறந்தது புலி வருடம். இரண்டுக்கும் ஆகவே ஆகாது.

எட்டு மணிக்குத் தலைமையாசிரியர் வாழ்த்துச் சொல்ல வருகிறார். துணைத் தலைமையாசிரியர் பதவி லுவொங்குக்குத்தான் என்று பள்ளியில் பேச்சு. இந்தக் கோலத்தில் பார்த்தால் பேச்சு மாறிவிடும்.

"முதல்ல யார் வந்தாலும் ஒண்ணுதான் டியெப். நிரூபிச்சே காட்டுறேன்."

"யார் வந்தாலும் ஒண்ணுதானா?"

"ஒண்ணேதான்."

"அப்ப லோக் அண்ணன் வரட்டுமே. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

லுவொங் தெருப்பக்கம் திரும்பி லோக்கைத் தேடினார். அவள் கணக்கில் பிழையே இல்லை.

தையல்காரர் லோக்கின் பெயருக்கே செல்வம் என்றுதான் பொருள்; அதனால் முதல் காலடிக்கு ஊரே அவரைத்தான் கூப்பிடும். கோட்டு போட்டுக்கொண்டு, கன்னம் சிவக்க, யாரோ வீட்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்.

"உங்களுது பதினொண்ணாவது வீடு வாத்தியாரே. மத்தியானம் வரேன்."

முதல் காலடி வைக்க வரச்சொல்லி லுவொங் எதிர்வீட்டுத் தோவா அக்காவிடம் கெஞ்சினார்.

"அய்யய்யோ, ஏழாம் மாசம் உங்க வீட்டுக்காரிக்குப் பல்லு வலிச்சா என் தலையில்ல உருளும்!" என்று அவள் ஜன்னலிலேயே நின்றுகொண்டாள்.

அவள் நாய் வாலாட்டியது. லுவொங்குக்குப் பொறி தட்டியது. நாய் தானாக வந்தால் யோகம் என்பார்கள். பையிலிருந்த மீன்தலையை எடுத்துத் தன் வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே எறிந்தார். நாய் அவர் காலை நக்கிக்கொண்டு அங்கேயே நின்றது. மதிலிலிருந்து ஒரு கறுப்புப் பூனை பாய்ந்து உள்ளே போனது.

"பூனை! படையல் கோழியத் தூக்குதே!"

"இரு, நான் பிடிக்கிறேன்!" என்று அவர் ஜன்னலில் ஒரு காலைப் போட்டார்.

"காலு! காலை எடுங்க!" இன்று துடைப்பத்தைத் தொடக்கூடாது என்பதால் டியெப் கரண்டியால் அடித்தாள்.

"என்ன லுவொங், சொந்த வீட்டுக்குள்ளயே ஏறிக் குதிக்கிறீங்க?"

குடையும் பரிசுப் பையுமாகத் தலைமையாசிரியர். நேரே கதவைத் தட்டப் போனார். லுவொங் குதித்து ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"சார், நில்லுங்க! நீங்க எந்த வருஷத்துல பொறந்தீங்க?"

"பாம்பு வருஷம். ஏன்?"

"ஐயோ, பாம்பும் ஆகாதே!"

சொன்னது தன் வாய்தானா என்று லுவொங்குக்கே கூசிப்போனது.

"காரணமில்லாம எதையும் செய்யாத ஆளுன்னு உங்களை நம்பியிருந்தேன்" என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியர் குடையைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

லுவொங்குக்கு அழுகையே வந்துவிட்டது. "சார், போயிடாதீங்க! முதல் காலடி மட்டும் விழுந்துட்டா..."

"அது அஞ்சு மணிக்கே விழுந்தாச்சு வாத்தியாரே!" எதிர் ஜன்னலில் தோவா அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் கத்தினாள். "கோயிலுக்குப் போயிட்டு வந்து உங்க வீட்டுக்காரியே வச்சுட்டா. இன்னைக்கு ஒரு நாளாவது யாரும் காரணம் கேக்காம ஒரு வாய் டீ குடிக்கணுமாம், இப்பதான் போன்ல சொன்னா!"