பிரித்திகாவின் இரண்டு கருந்துளைகள்

"அண்ணா, என் கருந்துளை ஒண்ணைக் காணோம்."

சித்தூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஃப்ளெக்ஸ் கடையில் நின்று பிரித்திகா இப்படிச் சொன்னபோது காலை மணி பத்து. கணினிக்கு முன்னால் இருந்த கோவர்த்தனன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊரில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும், இருபது வருடமாக எல்லா முகங்களையும் வெளுத்துக் கொடுப்பவர் அவர்தான்.

"வெள்ளையா ஒரு புள்ளி இருந்துச்சே, அதுவா? மருன்னு நெனச்சி எடுத்துட்டேன்."

"மரு இல்லண்ணா, அது என் மூணு வருஷ ஆராய்ச்சி."

மதியம் இரண்டு மணிக்குத் திருப்பதியில் கருத்தரங்கு. பெங்களூரிலிருந்து வரும் பேராசிரியர் ருக்மணி, சுவரில் மாட்டியிருக்கும் ஃப்ளெக்ஸ்களைப் பார்த்து ஒரே ஒருவரைத் தன் குழுவில் சேர்த்துக்கொள்வார். அந்த ஒருவர் யார் என்பதில் பிரித்திகாவுக்குச் சந்தேகமே இல்லை. தலைப்பும், படத்தின் குறுக்கே தங்க எழுத்தில் தன் பெயரும் ஆறு மாதமாகவே தயார். விண்வெளித் தொலைநோக்கி எடுத்து போன வாரம் வந்த எக்ஸ்ரே படத்தை அவற்றுக்கு அடியில் செருகினாள், புள்ளிகளை எண்ணினாள், வேலை முடிந்தது.

"கருந்துளைன்ற. பளபளன்னு வெள்ளையா இருக்கே?" என்றார் கோவர்த்தனன்.

"துளை எரியாதுண்ணா. ரெண்டு கேலக்ஸி மோதி ஒண்ணாகும்போது, அதுங்க நடுவுல இருக்கிற துளைங்க சுத்தியிருக்கிற வாயுவை இழுத்துத் துன்னும். உள்ள விழறதுக்கு முன்னாடி அந்த வாயு சூடாகி எரியும். அதான் வெளிச்சம்."

கோவர்த்தனன் தலையாட்டினார். "புரிஞ்சிடுச்சி. ரெண்டு வீடு சம்பந்தம் பண்ணுது. ரெண்டு பக்கமும் ஒரு பெரிய மனுஷன் பந்தியில உக்காந்து துன்னுகினு இருக்கான்."

"அப்படித்தான் வெச்சிக்கோங்க."

"ரெண்டே பேருதானா? எந்தக் கல்யாணத்துலயும் ஒரு தாய்மாமன் வருவானே."

"ரெண்டே ரெண்டுதான். நான் எண்ணிட்டேன்."

பத்து நிமிடத்தில் புள்ளி திரும்பி வந்தது. ஆனால் மோதிக்கொண்டிருந்த இரண்டு விண்மீன் திரள்களும் இப்போது ஆளுக்கொரு மூலையில் இருந்தன.

"ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கினு அசிங்கமா இருந்துச்சு. வெட்டித் தள்ளி வெச்சிட்டேன்."

"மோதுறதுதாண்ணா விஷயமே. ஒட்டுங்க."

ஒட்டினார். ஒட்டிய இடம் தெரிந்தது. அதை மறைக்க ஒரு தாமரை வைத்தார். தாமரை தனியாக இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு ஏற்றி, மேலே தெலுங்கில் 'சுபாகாங்க்ஷலு' என்று வாழ்த்தும் எழுதிவிட்டார். பிரித்திகா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று. பதினொன்றேகால் பேருந்தை விட்டால் கருத்தரங்கு போச்சு.

"எல்லாத்தையும் அழிச்சிட்டு என் பென் டிரைவ்ல இருக்கிறதை அப்படியே அடிங்க. எதையும் தொடாதீங்க."

"உன் இஷ்டம். ஆனா ஒண்ணு. உன் பேரு படத்து மேலயே உக்காந்திருக்கு. படத்து மேல பேரு போட மாட்டோம், அது எங்க தொழிலுக்கே ஆகாது. பேரு கீழதான் வரணும்."

"பேரை எங்க வேணா வெச்சிக்கோங்க. அடிங்க."

சுருட்டிக் கொடுத்ததை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடி, நகரத் தொடங்கிவிட்ட பேருந்தில் ஏறினாள்.

திருப்பதியில் ஃப்ளெக்ஸை மாட்டிவிட்டு இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள். தாமரை இல்லை, விளக்கு இல்லை. பெயர் அடக்கமாகக் கீழே இருந்தது. படத்தின் நடுவில் மட்டும் மூன்று வெள்ளைப் புள்ளிகள்.

தாய்மாமனைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார் மனுஷன்.

வாசலில் ருக்மணியின் குரல் கேட்டது. பிரித்திகா யோசிக்கவில்லை. கைப்பையைத் துழாவி ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து மூன்றாவது புள்ளியின்மேல் ஒட்டினாள். கறுப்பு வானத்தில் கறுப்புப் பொட்டு, யாருக்குத் தெரியும்?

அரங்கின் விளக்குகள் அத்தனையும் அந்தப் பொட்டில் பட்டு மின்னின.

ருக்மணிக்குச் சொந்த ஊர் இதே சித்தூர்ப் பக்கத்துக் குப்பம். வெள்ளைக் கதர்ப் புடவை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. பிரித்திகா தடுமாறாமல் விளக்கிக்கொண்டே போனாள். அவர் காது கேட்டுக்கொண்டிருந்தது. கண் பொட்டிலேயே இருந்தது. கடைசியில் நகத்தால் அதைச் சுரண்டி எடுத்தார்.

"இது இன்னாம்மா?"

"பொட்டு மேடம்."

"அது தெரியுது. அடியில இருக்கிறது?"

"ஃப்ளெக்ஸ் கடைக்காரர் தப்பு மேடம். காலையிலிருந்து இதே வேலைதான். என் படத்துல ரெண்டே ரெண்டுதான்."

ருக்மணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "சேர்ற கேலக்ஸியில ரெண்டு துளையும் ஒரே நேரத்துல முழிச்சிக்கினு துன்றதே அபூர்வம். ஆனாலும் ரெண்டு துளை ஆராய்ச்சிங்க என்கிட்ட ஏற்கெனவே இருக்கு. மூணு இருந்துச்சுன்னா இன்னிக்கே உன்னைக் கூட்டிக்கினு போயிடுவேன். ஆனா இல்லாததை இருக்குன்னு காட்டுறவங்களை நான் வாசப்படிகூட ஏத்த மாட்டேன். இது யார் வெச்சது?"

மூன்று வருட உழைப்பு ஒரு புள்ளியில் தொங்கியது. பிரித்திகா நிமிர்ந்தாள். பயம் இல்லை, சாட்சி இருக்கிறது. கைப்பேசியை எடுத்து, ருக்மணிக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணா, பிரித்திகா பேசறேன். படத்துல மூணாவதா ஒரு புள்ளி இருக்கே, அதை நீங்கதானே வெச்சீங்க? மேடம் கேட்டுக்கினு இருக்காங்க. உண்மையைச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் அச்சு இயந்திரம் ஓடும் சத்தம். பிறகு கோவர்த்தனனின் குரல், கொஞ்சம் கோபமாகவே வந்தது.

"நான் எதுக்கும்மா வெக்கிறேன்? படத்து மேல இருந்த உன் பேரைத் தூக்கினேன், அதுக்கு அடியில இருந்துச்சு."