வீரபாகுவின் அயல்நாட்டு முதலாளி

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் சாலைக்குத் தெற்கே ஓர் ஓடை உண்டு. கொஞ்சம் கால் நீண்ட ஆளாக இருந்தால் ஒரே தாண்டில் தாண்டிவிடலாம். யுத்தம் வந்த மறு வருஷத்தில், அந்த ஓடைக்குக் கிழக்கே பிரிட்டிஷ் சக்கரவர்த்தி ஆண்டுகொண்டிருந்தார். மேற்கே திருவிதாங்கூர் மகாராஜா ஆண்டுகொண்டிருந்தார். இருவரில் ஒருவரும் அந்த ஓடையை வந்து பார்த்ததில்லை. ஆகையால் அங்கே பூரண அமைதி நிலவியது.

வீரபாகுவுக்கு வீடு சக்கரவர்த்தியிடமும் வயல் மகாராஜாவிடமும் இருந்தன. பாட்டன் காலத்திலிருந்தே அப்படித்தான். காலையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடையைத் தாண்டுவான். பொழுது சாய்ந்ததும் திரும்பத் தாண்டுவான். அந்தக் கரையில் ஒரு சுங்கச் சிப்பாய் இருந்தான். புகையிலையைத் தவிர வேறு எது போனாலும் வந்தாலும் அவன் கண்ணில் படாது. தான் தினமும் அயல்நாடு சென்று உத்தியோகம் பார்த்து வருகிறோம் என்பது வீரபாகுவுக்குத் தெரியாது. அவன் வயலுக்குப் போய் வருவதாக எண்ணிக்கொண்டிருந்தான்.

இந்த அறியாமையைப் போக்கத்தான் தென்காசியில் ஓர் ஆபீஸ் வந்தது. அயல்நாடுகளுக்குப் பிழைக்கப் போகும் ஏழைத் தொழிலாளர், இரக்கமற்ற முதலாளிகளிடம் சிக்கிக் கஷ்டப்படுவதைக் கேள்விப்பட்டுச் சர்க்கார் மனம் கசிந்தது. கசிந்த மனத்திலிருந்து ஒரு மேஜை, ஒரு பீரோ, டவாலி போட்ட சேவகன் ஒருவன், பிச்சைமணி என்ற ஹெட் குமாஸ்தா ஒருவர், இத்தனை பேருக்கும் மேலே ஒரு ஸ்பெஷல் ஆபீஸர் என்று ஓர் ஆபீஸ் உண்டாயிற்று. அயல்நாட்டில் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வழங்குவது அதன் கடமை.

ஆனால் சீட்டுக் கேட்டு ஒருவரும் வரவில்லை. கொழும்புக்குப் போகிறவர்கள் வேறு ஊரில், வேறு ஆபீஸில், வேறு குமாஸ்தாவிடம் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார்கள். விண்ணப்பம் வராத ஆபீஸை மூடிவிடுவார்கள் என்பது பிச்சைமணிக்குத் தெரியும். அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் மனம் ஆறட்டும் என்று மேற்கே காலாற நடந்தவர், மண்வெட்டியும் கையுமாக ஓடையைத் தாண்டி வந்த வீரபாகுவைக் கண்டார். உடம்பு சிலிர்த்துவிட்டது அவருக்கு.

“வே, எங்க போயிட்டு வாரீரு?”

“வயலுக்கு அண்ணாச்சி. நாத்துக்குத் தண்ணி பாய்ச்சிட்டு வாரேன்.”

“வயல் எங்கன இருக்கு?”

“அந்தா, ஓடைக்கு அங்கிட்டு.”

“ஓடைக்கு அங்கிட்டு யாரு ராஜா?”

“திருவிதாங்கோட்டு மகாராஜா.”

“அப்ப அது அயல்நாடுதான வே? அங்க போயி வேலை செய்யுதீரு. சீட்டு இருக்கா?”

மறுநாளே ஓடைக்கரையில் சேவகனை நிறுத்தியாயிற்று. சீட்டில்லாமல் தாண்டினால் ஜெயில் என்றான் சேவகன். அந்தக் கரையில், வீரபாகுவின் கண்ணெதிரே, கார் சாகுபடிக்கு விட்ட நாற்றங்கால் பச்சைப்பசேல் என்று நின்றது. இன்னும் கொஞ்ச நாளில் பறித்து நடாவிட்டால் நாற்று முற்றிப்போகும். முற்றிய நாற்றை நட்டால் வைக்கோல்தான் மிஞ்சும், நெல் வராது. வீட்டில் நெல் குதிர் காலி. ஆகவே அவன் ஆபீஸுக்கு ஓடினான்.

பிச்சைமணி அவனைச் சம்பந்தியை வரவேற்பதுபோல் வரவேற்றார். புது விண்ணப்பப் பாரம் ஒன்றை எடுத்து, அதன் வாசனையை ஒரு தடவை முகர்ந்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.

“வேலை செய்யப் போறவன் பேரு?”

“வீரபாகு.”

“அங்க வேலை குடுக்க முதலாளி பேரு?”

“அது என் வயலுல்லா அண்ணாச்சி. நாந்தான்.”

“முதலாளியும் வீரபாகு.” எழுதிக்கொண்டார். “ரெண்டு பேருக்கும் உறவு ஏதும் உண்டா?”

“அண்ணாச்சி, ரெண்டு பேரு இல்ல. நான் ஒருத்தந்தான்!”

“பாரத்துல ரெண்டு கட்டம் இருக்கு வே. ஒருத்தரை வச்சு ரெண்டு கட்டத்தை நெரப்ப எனக்கு அதிகாரம் இல்ல. சரி, முதலாளி என்ன கூலி குடுக்காரு?”

“எனக்கு நானே என்னத்தக் குடுக்க?”

பிச்சைமணி பேனாவைக் கீழே வைத்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். “மெதுவாப் பேசும். கூலி குடுக்காம வேலை வாங்குனா அதுக்குப் பேரு அடிமை. அதை எடுத்து எம்புட்டோ காலமாச்சு. உம்ம முதலாளி உள்ள போயிருவாரு. உள்ள போனா உமக்கு வேலை குடுக்க ஆளு ஏது?”

வீரபாகு யோசித்துப் பார்த்தான். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. அதுதான் ஆபீஸ் வாடை. கொஞ்ச நேரம் உள்ளே நின்றால் யாருக்கும் அப்படிப் பட ஆரம்பித்துவிடும்.

“அப்ப நாலணான்னு போடுங்க.”

“அதை முதலாளி அங்கன இருந்து எழுதி அனுப்பணும்.”

“முதலாளி இங்கனதான நிக்காரு!”

“இங்கன நிக்காரா?” பிச்சைமணி நாற்காலியை விட்டு எழுந்தார். “அயல்நாட்டு முதலாளி இங்கன எப்படி வந்தாரு? யாரு வீட்டுல தங்கியிருக்காரு?”

“எங்க வீட்டுலதான்.”

“உம்ம சம்சாரத்துக்குத் தெரியுமா?”

வீட்டுக்கு வந்து அவன் இதைச் சொன்னபோது, அவன் மனைவி சொக்கம்மாள் உலையில் போட இருந்த அரிசியை முறத்தோடு கீழே வைத்தாள். “அயல்நாட்டான் வீட்டுக்குள்ள பூந்து இத்தனை வருசமாச்சு. எனக்குத் தெரியாமப் போச்சே” என்றாள். “அவனாவது நாலு காசு சம்பாரிக்கானான்னு கேட்டுட்டு வந்தீங்களா?”

முடிவு சொல்ல வேண்டியவர் ஸ்பெஷல் ஆபீஸர். அவர் சாரல் விழுந்த அன்றே குற்றாலத்துக்கு ஜாகையை மாற்றிவிட்டார். குளிர்ந்த காற்றில்தான் ஃபைல்கள் தெளிவடைகின்றன என்பது அவர் அனுபவம். ஐந்தருவிக்குப் போகும் வழியில் ஒரு பங்களாவில், ஃபைல்கள் ஒரு பக்கமும் எண்ணெய்க் கிண்ணம் ஒரு பக்கமுமாக அவர் ராஜாங்க காரியங்களைக் கவனித்துவந்தார். காலையில் அருவி, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் மறுபடி அருவி. நடுவில் எங்காவது இடுக்கில் பொதுஜனம். வீரபாகு தினமும் போய்ப் படியில் உட்கார்ந்திருந்தான். மேலே சாரல் விழுந்துகொண்டே இருந்தது. அங்கே நாற்று வளர்ந்துகொண்டே போகிறதே!

கடைசியில் ஒருநாள் விசாரணைக்கு எடுத்தார்கள். முதலாளியையும் தொழிலாளியையும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவரைத் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்பது விதி. பிச்சைமணி தம் கோட்டைக் கழற்றி வீரபாகுவுக்குப் போட்டுவிட்டு, முன்வாசல் வழியாக அனுப்பினார்.

“வாரும் மிஸ்டர் வீரபாகு, உட்காரும்” என்றார் ஆபீஸர். நாற்காலி வந்தது. காப்பி வந்தது. “உம்முடைய தொழிலாளியை நன்றாக நடத்துகிறீரா?”

“கூடப் பொறந்தவன் மாதிரித்தான் எசமான்.”

“எசமான் எதற்கு? நீரும் ஒரு முதலாளி. ஸார் என்றால் போதும்.”

காப்பியைக் குடித்துவிட்டு வீரபாகு வெளியே வந்தான். பிச்சைமணி கோட்டை உருவிக்கொண்டு, துண்டை அவன் கக்கத்தில் செருகிப் பின்வாசல் வழியாகத் தள்ளினார். அதே அறை, அதே ஆபீஸர். நாற்காலியை மட்டும் சேவகன் எடுத்துவிட்டிருந்தான். ஆபீஸர் முகத்தில் இப்போது வேறொரு கருணை தெரிந்தது.

“பயப்படாதே அப்பா. அந்தக் கோட்டுக்காரன் போய்விட்டான். தைரியமாகச் சொல். உன்னை அடிப்பானா?”

“அடிக்க மாட்டாரு எசமான்.”

“லீவு கொடுப்பானா? உடம்பு சரியில்லை என்றால் ஓய்வு உண்டா? நீ களைத்துப்போகிறாயா?”

களைத்துப்போகிறாயா! பிறந்த நாளிலிருந்து வீரபாகுவிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. பெற்றவள் கேட்டதில்லை, கட்டியவள் கேட்டதில்லை. அவன் தன்னையே கேட்டுக்கொண்டதும் இல்லை. அந்த ஒரு விநாடியில் அவனுக்கு வயல் மறந்தது, நாற்று மறந்தது, தான் எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோயிற்று.

“லீவா எசமான்? தீவாளி அன்னைக்கும் வரப்பு வெட்ட வைப்பாரு. காய்ச்சல்னு படுத்தா, ‘சோம்பேறி, எந்திலே’ன்னு வைவாரு. மழையில நிக்க வைப்பாரு, வெயில்ல நிக்க வைப்பாரு. எனக்கு நல்ல வேட்டி ஒண்ணு எடுத்துத் தந்ததில்ல. இடுப்பு விட்டுப்போகுது எசமான். யாருட்டப் போயிச் சொல்ல?” அவன் விம்மிவிட்டான்.

ஆபீஸர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஆபீஸ் உண்டானதன் பலன் அவருக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது. பேனாவை எடுத்து எழுதினார்: ‘மேற்படி முதலாளி கொடியவன் என்று தெரியவருகிறபடியால், மேற்படி தொழிலாளியின் நலனை முன்னிட்டு அனுமதி மறுக்கப்படுகிறது.’

வீரபாகுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ஐயோ எசமான்! அவரு நாந்தான் எசமான்! நான் அங்க போகணும், நாத்து முத்துது!”

“பாவம், பயத்தில் உளறுகிறாய். இனி அவன் உன்னை ஒன்றும் செய்ய முடியாது. நான் இருக்கிறேன்.”

பிறகு விதிப்படி முதலாளிக்கும் தீர்ப்பைச் சொல்ல வேண்டியிருந்தது. வீரபாகு மறுபடி கோட்டை மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தான். இந்தத் தடவை காப்பி வரவில்லை.

“வெட்கமாக இல்லை உமக்கு?” என்றார் ஆபீஸர். “ஓர் ஏழையின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டு, கோட்டு வேறு!”

வீரபாகு தலைகுனிந்தான். உண்மையிலேயே வெட்கமாகத்தான் இருந்தது அவனுக்கு.

திரும்பும் வழியில் பிச்சைமணி ஆறுதல் சொன்னார். “மனசை விட்றாதேயும். சீட்டு வேலைக்காரனுக்குத்தான். முதலாளி தன் சொத்தைப் போயிப் பாக்கத் தடை கிடையாது. தாராளமாத் தாண்டும். சேத்துல காலை மட்டும் வச்சிராதேயும், அது வேலை. கையில ஒரு குடையைப் பிடிச்சிக்கிடும். குடை பிடிச்ச கை மண்வெட்டி பிடிக்காதுன்னு தூரத்துல இருந்தே தெரியும்லா?”

இரவல் குடையோடு வீரபாகு ஓடையைத் தாண்டினான். சேவகன் சலாம் போட்டான். அடுத்த வயல்காரன் தங்கசாமி இதைப் பார்த்தான். அவனுக்கும் பாட்டன் வழியில் அந்தக் கரையில் வயல் உண்டு. மறுநாளே அவனும் ஆபீஸுக்குப் போய்த் தன் முதலாளியைப் பற்றி அழுதுவிட்டுக் குடையோடு வந்தான். பிறகு ஊரே போயிற்று. ‘அயல்நாட்டில் முதலாளி’ என்றால் பெண் கொடுக்கிறவர்கள் கூடக் கொஞ்சம் மரியாதையாகப் பேசினார்கள். தென்காசி ரத வீதிக் கடைகளில் குடைக்குப் பஞ்சம் வந்தது. ஆபீஸுக்கு இரண்டாவது பீரோ வந்தது. ஓடைக்கு அங்கிட்டு, வரப்புக்கு வரப்பு குடைகள் செழித்து நின்றன.

நாற்றுதான் நடப்படவில்லை. செங்கோட்டை நடவு ஆட்களை அங்குள்ள பண்ணைக்காரர்கள் முன்னமே பேசி மடக்கியிருந்தார்கள். தென்காசி ஆட்களைக் கூப்பிட்டால் அவர்களுக்கும் சீட்டு வேண்டும்.

ஒருநாள் காலையில் சொக்கம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடைக்கு வந்தாள். சேவகன் மறித்தான். பிச்சைமணியே நேரில் வந்து, பாரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ முதலாளியா தாயி?”

“இல்ல.”

“உனக்குக் கூலி உண்டா?”

“எனக்கு யாரு தாரா?”

“அப்ப நீ வேலைக்காரியும் இல்ல. ரெண்டு கட்டத்துலயும் வரல. தாராளமாப் போ.”

“கூலி இல்லாம வேலை வாங்குனா அடிமைன்னு சொன்னீகளாமே அண்ணாச்சி?”

“அது வேலை செய்யுதவங்களுக்கு. பொம்பளை தன் வீட்டுக்குச் செய்யது எப்படி வேலையாகும்?” என்றார் பிச்சைமணி. வரப்பில் குடையோடு நின்ற எல்லா முதலாளிகளும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவ்வளவு நேர்த்தியான சட்டத்தை அவர்கள் அதுவரை கண்டதில்லை.

அன்று ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் அயல்நாடு போனார்கள். நாற்றைப் பறித்து, சிறு கட்டுகளாக முடி கட்டி, சேற்றில் குனிந்து நட ஆரம்பித்தார்கள். வீரபாகுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முற்றியும் முற்றாமலும் இருந்த நாற்று. இன்று நட்டால் பிழைத்துக்கொள்ளும். “நெருக்கி நடு ஏட்டி” என்று குடைக்குக் கீழே இருந்து ஒரு குரல்கூடக் கொடுத்தான்.

உச்சிப்பொழுதில் ஸ்பெஷல் ஆபீஸர் மேற்பார்வைக்கு வந்தார். அருவியில் குளித்த ஈரம் தலையில் காயவில்லை. சேற்றில் குனிந்திருந்த சொக்கம்மாளைப் பார்த்தார்.

“அது யார்?”

“என் வீட்டுக்காரி, ஸார்.”

“என்ன செய்கிறாள்?”

வீரபாகு பதில் சொல்ல யோசிக்கவே இல்லை. ஊரில் எல்லாரும் சொல்வதுதான். “அவளா? அவ சும்மாதான் இருக்கா, ஸார்.”

ஆபீஸர் திருப்தியோடு அதை எழுதிக்கொண்டார்.

சொக்கம்மாள் நிமிர்ந்தாள். வயலில் பாதி நட்டிருந்தது. கையிலிருந்த நாற்று முடியைக் கீழே போட்டாள். வாய்க்காலில் கையைக் கழுவினாள். வரப்பில் ஏறி வந்து, புருஷன் கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டு, அதன் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“ஏட்டி, பாதி வயல் கெடக்கு!” என்றான் வீரபாகு.

“அதுக்கு நான் என்ன செய்ய? சும்மாதான் இருக்கேன்னு சர்க்காரே எழுதியாச்சே. எழுதினதுக்கு மாறா நடந்தா உங்களைப் பிடிச்சுட்டுப் போயிருவாக.”

“அவள் சொல்வது சரிதான்” என்றார் ஆபீஸர், குறிப்பை ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு.

அடுத்த வயலில் தங்கசாமியின் மனைவி மாடத்தி நிமிர்ந்தாள். அதற்கடுத்த வயலில் இன்னொருத்தி. எல்லாரும் கையைக் கழுவிக்கொண்டு வரப்பில் ஏறினார்கள். பறித்துப் போட்ட நாற்று வெயிலில் வாட ஆரம்பித்தது. வீரபாகு சேற்றைப் பார்த்தான், சேவகனைப் பார்த்தான், தன் காலைப் பார்த்துக்கொண்டான். ஆபீஸர், குமாஸ்தா, முதலாளிகள், சும்மா இருப்பவர்கள் என்று அந்த வரப்பில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். வேலை செய்ய அனுமதியுள்ளவர் மட்டும் அதில் ஒருவரும் இல்லை.