ஊதா விரல்

குப்பியின் மூடி திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. சுகுமாறன் பனியன் நுனியால் பிடித்துத் திருகிப் பார்த்தார். வெந்நீரில் காட்டினார். கடைசியில் குப்பியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி ஒரே திருகு. மூடி கழன்றது. கழன்ற வேகத்தில் உள்ளேயிருந்த மை ஒரு குதி குதித்து, அவர் இடது கை ஆள்காட்டி விரலைக் குளிப்பாட்டிவிட்டுச் சாப்பாட்டு மேசையிலும் கொஞ்சம் கொட்டியது.

ஊதா என்றால் சாதாரண ஊதா இல்லை. மங்கீஸ் பழத்தோலைப் பிழிந்து, அதற்குள் விளக்கேற்றி வைத்தது போன்ற ஊதா.

கிள்ளான் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை பார்க்கும் சுகுமாறனுக்கு எம்சிஓ ஊரடங்குக் காலத்தில் பிடித்த பைத்தியம் மைப்பேனா. வீட்டுக்குள் அடைந்து கிடந்த மற்ற ஆண்கள் மீன் வளர்த்தார்கள், ரொட்டி சுட்டார்கள். இவர் மை வாங்கினார். இந்த ஊதாவை ஆன்லைனில் ஆர்டர் போட்டு, இதோ வருகிறது அதோ வருகிறது என்று இழுத்தடித்து, நேற்று சாயங்காலம்தான் கைக்கு வந்திருந்தது. காய்ந்த பிறகு எழுத்தின் ஓரம் தங்கம் போல மினுங்குமாம். அதைப் படத்தில் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் சரியில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் குடியிருக்கும் தாமானின் கோயிலில் நிர்வாகத் தேர்தல். தலைவர் பதவிக்கு நிற்பவர் மனைவி ரமணியின் அண்ணன் திருச்செல்வம். போகுமுன் புது மையில் இரண்டு வரி எழுதிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்பதுதான் சுகுமாறனின் திட்டம்.

போன தேர்தலின்போதும் இப்படி ஒரு திட்டம் வைத்திருந்தார். அன்று பிரிக்ஃபீல்ட்ஸில் பேனாப் பிரியர்கள் கூட்டம். எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று போனவர், யாரோ கொண்டுவந்திருந்த பழைய பேனாவின் முள்ளைப் பார்த்துக்கொண்டே நின்றதில் ஓட்டை அடியோடு மறந்துபோனார். திருச்செல்வம் தோற்றார். நல்ல வித்தியாசத்தில்தான் தோற்றார்; இவர் ஒரு ஓட்டால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் அந்த வருடத் தீபாவளிக்குத் தங்கச்சி வீட்டுப் பக்கம் அவர் வரவில்லை. ரமணி பலகாரத் தட்டை மூடி வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சி சுகுமாறனுக்கு இன்னும் நெஞ்சில் உறுத்துகிறது. பிறகு ஒருவழியாகச் சமாதானம் ஆகி, "இந்த வாட்டி மொத ஆளா வந்து போடுறேன் மச்சான்" என்று கையைப் பிடித்து வாக்குக் கொடுத்திருந்தார்.

இப்போது அவர் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவினார். விரலில் இருந்த ஊதா போகாமல், நுரை வழியாகப் பக்கத்து விரல்களையும் விசாரித்துவிட்டு வந்தது.

அப்போது கேட் திறக்கும் சத்தம். அண்ணிக்கு ஒத்தாசையாகக் காலையிலேயே கோயிலுக்குப் போயிருந்த ரமணி வந்துவிட்டாள். அலமாரியிலிருந்து ஃப்ளாஸ்க்கை எடுக்கக் கையை நீட்டினாள். அவள் இடது ஆள்காட்டி விரலும் ஊதாவாக இருந்தது.

"நீ எப்ப என் மையத் தொட்ட?"

"எந்த மை? ஓட்டுப் போட்டேன். போட்டவங்களுக்கு விரல்ல மை வைக்கிறாங்க. போன தடவ யாரோ அடுத்தவங்க பேர்ல ரெண்டாவது ஓட்டும் போட்டுட்டாங்கன்னு பழனியப்பன் சார் செஞ்ச ஏற்பாடு. குரூப்ல தெனமும் போட்டாங்களே, பாக்கலயா?"

பார்க்கவில்லை. ரோஜாப்பூவோடு வந்து குவியும் காலை வணக்கங்களுக்குப் பயந்து, கோயில் வாட்ஸ்அப் குரூப்பின் வாயை அவர் எப்போதோ அடைத்துவிட்டார்.

சுகுமாறன் மெதுவாகத் தன் விரலைக் காட்டினார். ரமணி தன் விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே குப்பியில் முக்கி எடுத்தது போல இருந்தன. அவருடையது கொஞ்சம் அழகு. ஓரத்தில் தங்கம் மினுங்கியது.

"இதோட போனா ஓட்டுப் போட்டாச்சுன்னு திருப்பி அனுப்பிருவாங்க," என்றாள் ரமணி. "அண்ணன் வாசல்லயே நிக்குது. மாப்பிள்ள எங்க, மாப்பிள்ள எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. பன்னெண்டு மணிக்கு மூடிருவாங்க."

"ஒரு நிமிஷம் இரு. இதுக்கு வழி இருக்கு."

எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தார். ஊதா இன்னும் பளிச்சென்று ஆனது. ரமணியின் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை ஊற்றினார். நகத்துக்கு அடியிலும் ஊதா இறங்கியது. குளியலறைக்குப் போய் க்ளோராக்ஸ் ப்ளீச்சில் விரலை ஊற வைத்தார். சுற்றியிருந்த தோல் வெளுத்துச் சுருங்கியது. நடுவில் ஊதா மட்டும் அசையாமல் நின்றது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அவர் எடுத்தபோது ரமணி பிடுங்கிக்கொண்டாள்.

"விரல் மிஞ்சாது. பேசாம உள்ளத சொல்லுங்க."

உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சுகுமாறன் அதற்குப் பிறகு பலமுறை அப்படித்தான் நினைத்துக்கொண்டார். ஆனால் அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியது வேறு. விரலைச் சுற்றித் தடிமனாக ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு, காடியை ஓட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார்.

கோயில் ஹாலின் வாசலில் திருச்செல்வம் வேட்டியும் சந்தனப் பொட்டுமாக நின்றிருந்தார். கோயில் என்றால் அவருக்கு வீடு ஞாபகம் இருக்காது. போன திருவிழாவில் அன்னதானப் பந்தலில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர், வீட்டுக்கு அனுப்பிய கையோடு நேரே கோயிலுக்கு வந்து எத்தனை தேங்காய் மிச்சம் என்று கேட்டார்.

"வந்துட்டீங்களா மாப்பிள்ள," என்று சிரித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "உள்ள போங்க. டைட்டா இருக்கு லா இந்த வாட்டி. ஒவ்வொரு ஓட்டும் முக்கியம்."

உள்ளே மேசைக்குப் பின்னால் தேர்தல் அதிகாரி பழனியப்பன் உட்கார்ந்திருந்தார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையவில்லை.

"வாங்க சுகுமாறன். கைய நீட்டுங்க."

சுகுமாறன் வலது கையை நீட்டினார்.

"இடது."

"அடிபட்டிருக்கு சார். காய் நறுக்கும்போது."

வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவளிடம், "இவரு காயெல்லாம் நறுக்குறாரா? ரமணி குடுத்து வச்சவ லா," என்றாள்.

"கட்டப் பிரிங்க," என்றார் பழனியப்பன்.

"ரத்தம் வரும் சார்."

"பரவால்ல. மை வைக்கிறதுக்கு எடம் பாக்கணும்."

கட்டு சுற்றுச் சுற்றாகப் பிரிந்தது. ஊதா விரல் வெளியே வந்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பழனியப்பன் குனிந்து, விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"க்ளோராக்ஸ்," என்றார். "ஓட்டுப் போட்டுட்டு, வீட்டுக்குப் போய்க் கழுவிட்டு, திரும்பி வந்திருக்கீங்க."

"சார், நான் இப்பதான் வரேன். என் பேரப் பாருங்க, டிக் இருக்காது."

"போன தடவையும் பேரு சரியாத்தான் இருந்துச்சு. வேற ஆளு பேர்ல போட்டதுதான் கத. அதுக்குத்தான் இந்த மை. மை இருந்தா ஓட்டு இல்ல."

அதற்குள் தலைவர் பதவிக்கு எதிர்த்து நிற்கும் தம்புசாமியின் ஆட்கள் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். இரண்டு பேர் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்தார்கள். சுகுமாறன் ரமணிக்கு போன் போட்டார்.

"அந்த மை பாட்டில எடுத்துட்டு உடனே வா. அதக் காட்டினா எல்லாம் சரியாயிடும்."

ரமணி குப்பியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பக்கத்து வீட்டுக்காரர் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். குப்பியைப் பார்த்ததும் தம்புசாமியின் ஆட்களில் ஒருவர், "பாத்தீங்களா, பாட்டிலே வச்சிருக்காங்க. நம்ம ஆளுங்க விரல்ல தடவிவிட்டு ஓட்டுப் போடவிடாம பண்ணத்தான்," என்றார். அது வரைக்கும் யாருக்கும் தோன்றாத யோசனை அது. சொன்னதும் எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. சிலர் தங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

"இது பேனா மை," என்று சுகுமாறன் மன்றாடினார். "கோயில் மை வேற, இது வேற. இது காஞ்சா தங்கம் மாதிரி மினுங்கும். இருங்க சார், காட்டுறேன்."

காலையில் அத்தனை அடம்பிடித்த மூடி இப்போது தொட்டதும் திறந்துகொண்டது. மை மேசை மேல் பாய்ந்து, பழனியப்பனின் வெள்ளைச் சட்டைக் கையில் ஏறி, அவர் இடது கை முழுவதையும் நனைத்தது.

"சாரும் ஓட்டுப் போட்டுட்டாரு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

யாரும் சிரிக்கத் துணியவில்லை. பழனியப்பன் தன் கையையும் சுகுமாறனையும் மாறி மாறிப் பார்த்தார். சத்தம் கேட்டுத் திருச்செல்வம் உள்ளே வந்தார். நடந்ததை ஆளுக்கு ஒரு பக்கமாகச் சொன்னார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மச்சான், சத்தியமா நான் இன்னும் போடல," என்றார் சுகுமாறன்.

திருச்செல்வம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பழனியப்பனிடம்தான் பேசினார். "சார், சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான். மை இருந்தா ஓட்டு இல்ல. என் தங்கச்சி வீட்டுக்காரருங்கிறதுக்காக மாத்த வேணாம். நாளைக்கு நான் ஜெயிச்சா, இப்படித்தான் ஜெயிச்சான்னு யாரும் சொல்லக் கூடாது."

தம்புசாமியே கொஞ்சம் சங்கடப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மத்தியானம் ஓட்டுகளை எண்ணினார்கள். தம்புசாமி ஒரு ஓட்டில் ஜெயித்தார். மறுபடியும் எண்ணினார்கள். அதே ஒரு ஓட்டு. திருச்செல்வம் எழுந்து போய் அவருக்குக் கைகொடுத்து, மாலை போட்டு, மைக்கில் நன்றி சொன்னார். பிறகு மனைவி லோகேஸ்வரியோடு காடியில் ஏறிப் போனார். போகும்போது தங்கச்சியிடம் தலையை மட்டும் ஆட்டினார்.

ரமணி சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. வீட்டுக்கு வந்து, மேசையில் காய்ந்து கிடந்த ஊதாக் கறையைத் துணியால் துடைத்தாள். அது போகாது என்று தெரிந்தும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இந்தத் தீபாவளிக்குப் பலகாரம் கொஞ்சமா செஞ்சா போதும்," என்றாள் கடைசியில்.

சுகுமாறன் கண்ணாடிக் கதவோரம் உட்கார்ந்திருந்தார். எந்தப் பேனாவுக்காக இத்தனையும் ஆனதோ, அதில் இன்னும் ஒரு சொட்டு மைகூட ஏறவில்லை. அவர் ஓட்டு விழுந்திருந்தால் சமமாக வந்திருக்கும். சமமாக வந்திருந்தால் சீட்டுக் குலுக்கியிருப்பார்கள். குலுக்கினால் யார் கண்டது. ஒரு மனிதன் தன் வாழ்நாளில் ஆசைப்பட்ட ஒரே ஒரு நாற்காலி. அதை இரண்டாவது முறையும் தட்டிவிட்டது இந்தக் கைதான். காலையில் அந்தக் குப்பியைத் தொடாமல் இருந்திருக்கலாம். தொட்ட பிறகாவது உள்ளதைச் சொல்லியிருக்கலாம்.

சாயங்காலம் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனார். ரமணி வரவில்லை. திட்டட்டும், பழத்தைத் தூக்கி வெளியே எறியட்டும் என்றுதான் போனார்.

கிரில் கதவைத் திறந்தது லோகேஸ்வரி. "வாங்கண்ணே," என்றாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. திருச்செல்வம் சோபாவில், சாப்பிட்ட வயிறு ஏறி இறங்க, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மாலைப் பூஜை நேரத்தில் அவரை வீட்டுக்குள் பார்ப்பது சுகுமாறனுக்கு இதுதான் முதல் தடவை.

"எழுப்ப வேணாம்மா. எந்த முகத்த வச்சுக்கிட்டு எழுப்புறது?" காடி நிறுத்தும் இடத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர் அங்கேயே உடைந்துபோனார். "ஒரு ஓட்டும்மா. ஒரே ஒரு ஓட்டு. என் புத்தியால மச்சான் தோத்துட்டாரு. காலையில வாசல்ல நின்னு என்னப் பாத்துச் சிரிச்சாரு தெரியுமா? அந்தச் சிரிப்பு கண்ணுக்குள்ளயே நிக்குது. நான் செத்தாலும் இது போகாது."

ஊதா விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லோகேஸ்வரி உள்ளே போனாள். டீயோடு வந்தாள். அவர் குடிக்கவில்லை. அவள் மறுபடி எழுந்து போய், சோபாவை எட்டிப் பார்த்து, டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு வந்து கிரில் கதவை மெல்லச் சாத்தினாள். எதிர் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அழாதீங்கண்ணே," என்றாள், தாழ்ந்த குரலில். "அவருகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. நான் தம்புசாமிக்குத்தான் போட்டேன்."