எண்ணெயில் வேகவைத்த பந்து

எனக்கு ஒரு வியாதி உண்டு. அச்சில் ஏறிய எதையும் நம்பிவிடுவேன். மருந்துப் புட்டியில் ஒட்டிய காகிதமாக இருந்தாலும் சரி, சோப்பு உறையாக இருந்தாலும் சரி. அதுவே இங்கிலீஷில் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், விழுந்து கும்பிடாத குறைதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் காகிதத்தைக் கண்டால் கட்டைவிரலை நீட்டியவர்கள். எழுத்தின் மேல் அவர்கள் சேர்த்து வைத்திருந்த பயம், மரியாதை எல்லாம் மொத்தமாக என் ஒருவன் தலையில் இறங்கிவிட்டது.

இந்த வியாதியால் ஜப்பான்காரன் காலத்தில் நான் செய்த காரியத்தை, கல்யாணமான மூன்றாம் நாளே என் மனைவியிடம் அப்பா சொல்லிவிட்டார். இனி மறைத்து என்ன லாபம்? நானே எழுதிவிடுகிறேன்.

மலாய் நாட்டில் சிடாம் கிரி பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். வெள்ளைக்கார துரை ஓடிப்போன பிறகு அவருடைய பங்களாவில் ஒரு ஜப்பானிய அதிகாரி வந்து உட்கார்ந்தார். தடித்த மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் எங்களுக்கு அவர் ‘கண்ணாடி துவான்’. (துவான் என்றால் மலாயில் ஐயா.) பங்களாவுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை ஒன்று இருந்தது. உள்ளே வழவழப்பான பலகைப் பாதை. அதன் கடைசியில் புட்டி மாதிரி மரக்கட்டைகளை நிறுத்திவைத்து, இந்தப் பக்கத்திலிருந்து கனமான கறுப்புப் பந்தை உருட்டி அடிப்பார்கள். வெள்ளைக்காரர்கள் இருந்தபோது கூலிகள் குடியிருந்த எங்கள் லயத்துக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கும்: கடகடகட... டமார்! (துரை சாமான் உடைக்கிறார் என்றுதான் அம்மா வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்.)

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆபீசில், காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு வந்தவர்களின் பெயரை எழுதும் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. அந்த மாதங்களில் ஆபீசில் இன்னொரு பட்டியலும் இருந்தது. சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பும் ஆட்களின் பட்டியல். அதில் என் பெயர் பென்சிலில் இருக்கிறது என்று பெரிய கிராணி காதோடு சொன்னார்.

“துவானுக்கு உன்னால பிரயோசனம்னு தோணிச்சுன்னா அழிப்பாரு. இல்லாட்டி மையில எழுதிடுவாரு, தம்பி. பாத்து நடந்துக்க.”

அந்த வாரமே கண்ணாடி துவான் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் மூன்று கறுப்புப் பந்துகளும் கறையான் அரித்த ஒரு சின்னப் புத்தகமும் இருந்தன. நாலு நாளில் சுங்கைப் பட்டாணியிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், அவரோடு விளையாட வேண்டும், புத்தகத்தில் பந்தைப் பற்றி எழுதியிருப்பதை மலாயில் சொல் என்றார்.

“இங்கிலீஷ் தெரியுமா?”

“நன்றாகத் தெரியும், துவான்!” (ஆறாம் வகுப்பு. அதிலும் கணக்கில்தான் நல்ல மார்க்.)

அந்தப் புத்தகம் அச்சானபோது என் அப்பா கப்பலே ஏறியிருக்க மாட்டார். அதிலிருந்த சொற்கள் இன்று எந்த விளையாட்டுக்காரனுக்கும் தெரியாது. ‘டோடோ’ என்று ஒரு பந்து. என் அகராதியைப் பார்த்தால், அழிந்துபோன ஒரு பறவை என்று இருந்தது. அப்படியே மொழிபெயர்த்தேன். துவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று பந்துகளையும் பார்த்தார். நாலு பக்கம் தள்ளித்தான் அது அளவுக்கு மீறிக் கனமான பந்துக்குப் பெயர் என்று தெரிந்தது. அதை நான் வெளியில் சொல்லவில்லை.

பந்து எதனால் ஆனது? ‘லிக்னம் வைட்டே’ என்றது புத்தகம். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனத்த மரமாம். படம்கூடப் போட்டிருந்தார்கள். படத்தில் பந்துக்கு ஓட்டையே இல்லை. மேசைமேல் இருந்த பந்துகளில் விரல் நுழைக்க இரண்டிரண்டு ஓட்டைகள் இருந்தன. வேறு யாராக இருந்தாலும் புத்தகம் பழசு என்று சந்தேகப்பட்டிருப்பான். நான் பந்தைச் சந்தேகப்பட்டேன். கறையான் துளைத்திருக்கும் என்று முடிவு செய்தேன். (அளவெடுத்த மாதிரி, வட்டமாக, பந்துக்கு இரண்டு மட்டும் போட்டுவிட்டுப் போன ஒழுக்கமான கறையான்.)

கடைசிப் பக்கத்தில் பராமரிப்பு. வறண்ட பந்தைச் சூடான எண்ணெயில் ஊறவைத்தால் வெடிப்பு விடாது, ஓட்டம் கூடும். வாசித்துச் சொன்னேன்.

“பாகுஸ்!” என்று துவான் மேசையைத் தட்டினார். நல்லது, பிரமாதம் என்று அர்த்தம். பெரியவர் வரும் நாள் காலையிலேயே செய்துவிடு என்று ஸ்டோரிலிருந்து ஒரு டின் தேங்காய் எண்ணெய் எடுத்துக் கொடுத்தார்.

ஒரு டின் எண்ணெய்! லயத்தில் தாளிதச் சத்தம் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. மூன்று வேளையும் அவித்த மரவள்ளிக்கிழங்குதான். நான் டின்னைத் தூக்கிக்கொண்டு வர, பின்னால் தேருக்குச் சேருகிற மாதிரி கூட்டம் சேர்ந்தது.

“ராசா, ஒரு கரண்டி குடுடா, கிழங்கைப் பொரிச்சுத் தாரேன்,” என்றார் அம்மா.

“இது பந்துக்கும்மா.”

“பந்து திங்குமா?”

அப்பா அதற்குள் ஒரு பந்தைக் கையில் எடுத்துவிட்டார். முப்பது வருஷமாக ரப்பர் மரத்தில் பால் எடுத்த கை அது. பால் வெட்டும் கத்தியால் ஓட்டைக்குள் லேசாகச் சுரண்டினார். வந்த துகளை அடுப்புத் தணலில் தூவி மூக்கை நீட்டினார்.

“டேய், இது ரப்பர்டா. நம்ம சாமான். என்னமோ போட்டு இறுக்கி வச்சிருக்கான். கொதிக்க வைக்காதே.”

“மரம்ப்பா. புத்தகத்துல போட்டிருக்கு.”

“மோந்து பாத்தியா?”

படித்தவன் மோந்தா பார்ப்பான்? ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, லயமே பார்க்கப் பந்தை உள்ளே போட்டேன். மூழ்கியது. “ரப்பர் ஷீட்டு தண்ணியில மிதக்கும். இது மூழ்குது. புத்தகத்துலயும் மூழ்கும்னு இருக்கு. போதுமா?”

அப்பா வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உன்னைப் படிக்க வச்சது நான்தானே,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

குறித்த நாள் காலையில் அண்டாவில் எண்ணெய் காய்ந்தது. (அம்மா ஒரு கரண்டி எடுத்ததை நான் பார்க்கவில்லை. மூன்று கரண்டி.) மூன்று பந்துகளும் அடியில் உட்கார்ந்து வெந்தன. ஒரு நாற்றம் எழுந்தது பாருங்கள், எங்கள் ரப்பர் புகைவீடும் கந்தகக் கடையும் சேர்ந்து தீப்பிடித்த மாதிரி. மரம் எண்ணெய் குடிக்கும்போது இப்படித்தான் மணக்கும் போலும் என்று நினைத்துக்கொண்டேன். ஆறவைத்து எடுத்தேன். பளபளவென்று மின்னின. கொட்டகையில் கொண்டுபோய் வைத்தபோது ஒன்றுகூட உருண்டு ஓடாமல் சமர்த்தாக உட்கார்ந்தது. எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது.

பெரிய அதிகாரி வந்தார். எல்லோரும் குனிந்து வணங்கினோம். மரக்கட்டைகளை நிறுத்திவைக்கும் வேலைக்கு அப்பாவைத்தான் பாதையின் கடைசியில் நிற்க வைத்திருந்தார்கள்.

பெரியவர் முதல் பந்தை விட்டார். தடக்... தடக்... தடக்... நொண்டி மாடு மாதிரி பாதி தூரம் போய், ஒரு பக்கமாகச் சாய்ந்து, இட்லிபோல உட்கார்ந்துவிட்டது.

கண்ணாடி துவான் அவசரமாக இரண்டாவதை எடுத்தார். எண்ணெய் வழுக்கி அது அவருக்குப் பின்னாலேயே விழுந்தது. மூன்றாவது நேராகப் புறப்பட்டு, நடுவழியில் மனம் மாறி, பக்கத்துக் காவாயில் இறங்கியது.

துவான் பந்தை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். அடிப்பக்கம் சப்பையாக இருந்தது.

“இது மரமா?”

நான் செய்ததை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. புத்தகத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் கையை ஓங்கினார். சயாம் பட்டியலில் என் பெயரின் மேல் மை ஏறுவது என் கண்ணுக்குத் தெரிந்தது.

பலகைப் பாதைமேல் வெறுங்காலோடு யாரோ ஓடிவரும் சத்தம். அப்பா. குனிந்து வணங்கினார்.

“கெத்தா, துவான்,” என்றார். மலாயில் ரப்பர். “சுடுதண்ணியில போட்டு இளக்கி, நான் உருண்டையாக்கித் தாரேன். இவன் கூட இருந்தா போதும்.”

பெரியவர் பந்தை வாங்கி நகத்தால் சுரண்டினார். மூக்கருகே கொண்டுபோனார். ரப்பர் தோட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு ரப்பரை மரம் என்று சொன்னவனை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெரியவர் சிரித்தால் சின்னவரும் சிரித்தாக வேண்டும். கண்ணாடி துவானும் சிரித்தார், பல்லைக் கடித்துக்கொண்டே.

உத்தரவு வந்தது: பந்து உருண்டையாகும்வரை அப்பனும் மகனும் தோட்டத்தை விட்டு எங்கும் போகக்கூடாது.

இரண்டு நாளில் முடிகிற வேலை. அப்பா நாலு மாதமாகியும் முடிக்கவில்லை. ஒரு பந்து சரியானால் இன்னொன்று எப்படியோ சப்பையாகிவிடும். வாராவாரம் துவானிடம் போய், தலையைச் சொறிந்துகொண்டு, “இன்னும் ஒரு பக்கம் லேசா இடிக்குது, துவான்,” என்பார். எனக்கு ஆத்திரம் வரும். “ஏம்ப்பா, நேத்துதானே சரியா இருந்துச்சு?” என்று கேட்டால், “புத்தகத்துல பாரு,” என்பார்.

நாலாம் மாதம் ஒரு காலையில் சயாமுக்கு ஆள் ஏற்ற லாரி வந்தது. பெயர்களைக் கூப்பிட்டார்கள். என் பெயர் வரவில்லை. போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. அதை இந்தக் கட்டுரையில் எழுத எனக்குக் கை வராது. அந்த லாரி தூசி அடங்கியபோதுதான் அப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்று எனக்குப் புரிந்தது. ஆறாம் வகுப்பு படித்தவனுக்கு நாலு மாதம் பிடித்தது.

இப்போது பாடாங் செராயில் வாத்தியார் வேலை பார்க்கிறேன். போன வாரம் ஒரு பம்ப் அடுப்பு வாங்கிவந்து, கூட வந்த காகிதத்தை முதல் வரியிலிருந்து உரக்க வாசித்தேன். என் மனைவி கைப்பிடியில்லாத சட்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

“மோந்து பாத்தீங்களா?”

மோந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது.

பந்துகளில் ஒன்று எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க. ஜப்பான்காரன் போனதும் அப்பா கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு பக்கம் சப்பை. “சண்டைதான் முடிஞ்சு போச்சே, இதையாவது உருண்டையாக்கக் கூடாதா?” என்று கேட்டேன்.

அப்பா அதைக் காலால் கதவோரம் நகர்த்தினார்.

“வேலை இன்னும் முடியலைன்னே இருக்கட்டும்டா,” என்றார்.